துடைக்காத கத்தி

கட்டிங் அக்கா பிறந்த வாரத்தில் அவருடைய அப்பா வேலை பார்த்த ஆலையை மூடினார்கள். முதலாளி இயந்திரங்களை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். முதலாளி வீட்டு வாசலில் போய்க் கத்துவதைவிடத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கரித்துக் கொட்டுவது சுலபம். குழந்தை ஆள் வைத்து அடிக்காது. அப்படித்தான், பெயர் வைப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு பட்டம் கிடைத்தது: ராசி கெட்டது.

பட்டம் ஒட்டிக்கொண்டது. வயது வந்து கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை நின்றிருந்த லாரியில் மோதிக் காலை உடைத்துக்கொண்டான். குடித்தது அவன், ஓட்டியது அவன், லாரியை இருட்டில் விளக்கில்லாமல் நிறுத்தியது இன்னொருவன். ராசி மட்டும் அவருடையதாம். கல்யாணம் நின்றது. அண்ணன் வீட்டுப் பின்னறை நிரந்தரமானது.

அண்ணன் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசுவார். வீட்டில் யாராவது பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ கிளம்பினால், "நீ கொஞ்சம் பின்பக்கமா இரேன். தப்பா எடுத்துக்காத" என்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அந்த வீட்டில் கட்டிங் அக்கா கொடுத்த வாடகை.

சட்டை தைக்கும் கம்பெனியில் வெட்டும் பிரிவில் அவருக்கு வேலை. அங்கேதான் கட்டிங் அக்கா என்ற பெயர் வந்தது. நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸ் கோடு போட்டு, அதன் வழியே வெட்ட வேண்டும். மேல் துணியும் அடித்துணியும் ஒரே அளவில் விழ வேண்டும். கை அசைந்தால் வீணாவது ஒரு சட்டை அல்ல, ஓர் அடுக்கு. கழுத்து, கைக்குழி போன்ற வளைவுகளில் மின்சாரக் கத்தி சரியாகத் திரும்பாது. அங்கே அவருடைய கைக்கத்தி போகும். மெல்லிய அலகு, பிடியில் பழந்துணி சுற்றியிருக்கும். வெட்டி முடித்ததும் அதைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த துணியைத் தொடுவார். சிவப்புத் துணியின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறிவிடக் கூடாது அல்லவா? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருமுறை ஏறியது, திட்டு வாங்கினார், அன்றிலிருந்து துடைத்தார்.

அவரைப் பூ வளர்க்க வைத்தது ஒரு கடைவாய்ப் பல்.

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது ஜன்னலோரத் தொட்டியில் ஒரு பூவைப் பார்த்தார். தண்டின் உச்சியில் உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக, ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி விரிந்திருந்தது. வாய் திறக்க முடிந்ததும் கேட்டார். டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. லில்லி வகையாம், கிழங்கிலிருந்து முளைப்பதாம், கப்பலேறி வந்ததாம். பக்கத்துக் கூடையில் அதே கிழங்கு ஒன்று பாதி அழுகிக் கிடந்தது.

"இதுவா டாக்டர்? வெங்காயம் மாதிரி இருக்கு."

"வெங்காயமா! நல்லாச் சொன்ன போ. அழுகிடுச்சு, தூக்கிப் போடப் போறேன். வேணும்னா எடுத்துக்கோ. சமைச்சு வச்சுடாத."

எடுத்துப் போனார். கம்பெனிக் கத்தியால் அழுகலைச் செதுக்கி எடுத்தார். மிச்சத்தை இரண்டாகப் பிளந்து, அடியில் வேர் முளைக்கும் தட்டு இரண்டு பக்கமும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாக்களில் நட்டார். இரண்டும் பிழைத்தன. பிறகு இரண்டும் பூத்தன. ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டாக்டரிடம் காட்டப் போனார்.

டாக்டர் பூவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உனக்குக் கைராசிம்மா" என்றார்.

'கெட்ட' என்ற சொல் பின்னால் வராமல் ராசி என்ற சொல் அவர் காதில் விழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பும்போது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அது கைராசி அல்ல. அழுகல் எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கப் பழகிய கண். அந்தக் கோட்டிலேயே போகப் பழகிய கை. கால் வீங்க நின்று கற்ற வேலை. ஆனால் உழைப்பவரின் திறமைக்கு ராசி என்று பெயர் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அவரை மதிக்க வேண்டியதில்லை. வானத்திலிருந்து விழுந்ததுதானே! வேண்டாத நாளில் வானமே திரும்ப எடுத்துக்கொண்டது என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாம்.

டாக்டர் அவரைச் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். அரிய கிழங்குப் பூ வளர்ப்போர் சங்கம். படிப்பகத்தின் மாடியில் ஒரு கூடம், நீள மேஜை, கண்ணாடி அலமாரியில் பரிசுக் கோப்பைகள், மூலையில் கை கழுவும் தொட்டி. தெருவில் எல்லோரும் வெங்காயச் சங்கம் என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு நாள் பூத்து வாடுகிற கிழங்கு, செத்த எலி நாற்றமடிக்கிற பூவை விடும் கிழங்கு, இலையே இல்லாமல் மொட்டு மட்டும் விடும் கிழங்கு என்று ஆளுக்கொரு பைத்தியம். டாக்டர்தான் தலைவர். செயலாளர், ரயில் நிலையத்தில் வண்டி அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். இன்னும் அந்தக் குரல் போகவில்லை. "உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு, தேநீர் இன்னும் சற்று நேரத்தில் மேஜையை வந்தடையும்" என்பார்.

கட்டிங் அக்காவை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 'சிறப்பு அழைப்பாளர்' என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வரும் ஒருவர் எப்படி அழைப்பாளராகவே இருப்பார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து முக்காலி அவருடையதாயிற்று. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவதும் அவருடையதாயிற்று. தலைவர் மற்றவர்களை நீங்க என்பார், அவரை நீ என்பார். ஆனால் வெட்டு நாள் வந்துவிட்டால் கூடமே அவரைச் சுற்றி நிற்கும்.

வெட்டு நாள் என்பது வருடத்துக்கு ஒருமுறை. உறுப்பினர்கள் முற்றிய கிழங்குகளைக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி நெடுக்காகப் பிளந்து நடுவார்கள். துண்டு ஒவ்வொன்றிலும் அடித்தட்டு கொஞ்சம் ஒட்டியிருந்தால் அதிலிருந்து புதுக் கிழங்கு வரும். இல்லாவிட்டால் சேறு. முன்பெல்லாம் அவரவர் வெட்டிப் பாதியைச் சேறாக்கினார்கள். கட்டிங் அக்கா வந்த பிறகு எல்லோருடையதையும் அவரே வெட்டினார். எதுவும் அழுகவில்லை.

"கைராசி அம்மா, இத கொஞ்சம் பாருங்க."

"மொதல்ல என்னோடத வெட்டிடுங்கம்மா, அவரு கிழங்கு எங்க ஓடிடப் போகுது?"

"ஓடாது, ஆனா நான் ஓடிடுவேன், வீட்ல தேடுவாங்க!"

இந்தத் தள்ளுமுள்ளைத் தீர்க்கத் தலைவர் ஒரு வழக்கம் உண்டாக்கினார். முதல் வெட்டு தலைவருடைய கிழங்கு. பிறகு மற்றவர்களுடையது, பதவி வரிசையில். முதல் வருடம் தலைவரின் கிழங்கை வெட்டி முடித்ததும் கட்டிங் அக்கா வழக்கம்போலக் கத்தியைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"துடைக்காதம்மா, துடைக்காத!" என்று தலைவர் கையைப் பிடித்தார். "என் கிழங்கோட பால் அதுல இருக்கு. எல்லாருக்கும் போகட்டுமே. கோப்பை வாங்கின கிழங்கு."

"தலைவர் ராசி சங்கத்துக்கே!" என்றார் செயலாளர். கைதட்டினார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த வருடம் அது விதியாகிவிட்டது. செயலாளர் அறிவிப்பாகவே சொன்னார்: வெட்டு முடியும்வரை கத்தியைத் துடைக்கக் கூடாது.

சொன்னவர் யார்? பல் டாக்டர். ஒருவர் வாயில் வைத்த ஊசியைக் கொதிக்க வைக்காமல் இன்னொருவர் வாயருகே கொண்டுபோக மாட்டார். கொண்டுபோனால் ஜெயில் என்று தெரியும். வாரத்தில் ஆறு நாள் கிருமியை நம்பும் மனிதர், ஏழாம் நாள் மாடிப்படி ஏறியதும் ராசியை நம்பினார். படிப்பு சட்டைப் பையில் இருந்தது, மண்டையில் ஏறவில்லை. கட்டிங் அக்காவோ டாக்டரே சொல்கிறாரே என்று துணியைக் கீழே வைத்தார். சாயம் ஏறும் என்று கை சொன்னது. மரியாதை கிடைத்த இடத்தில் கை சொன்னதை அவர் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம் தலைவர் வெளிநாட்டிலிருந்து ஒரு கிழங்கு வரவழைத்தார். சிவப்பு இதழில் வெள்ளை வரிகள் தீற்றியிருந்தன. இலையிலும் மஞ்சள் வரி. 'தீக்கீற்று' என்று பெயரிட்டார். சங்கத்தின் கண்காட்சியில் முதல் கோப்பை. வெட்டு நாளில் முதல் வெட்டும் அதற்கே. துடைக்காத கத்தி அங்கிருந்து வரிசையாக எல்லாக் கிழங்குக்குள்ளும் போய் வந்தது.

மறு பருவத்தில் எல்லோர் வீட்டு இலைகளிலும் மஞ்சள் வரி விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

"என்னோடதுலயும் வரி! தலைவர் ராசி தொத்திக்கிச்சு!"

"எல்லாம் நம்ம கைராசி அம்மாவாலதான்."

அந்த வருடம் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அண்ணி அதை வாங்கி விரித்துப் பார்த்து, "நல்ல துணிதான்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அதற்கு மறு பருவம் மொட்டுகள் முறுக்கிக்கொண்டு விரியாமலே நின்றன. கிழங்குகள் சுருங்கி நெல்லிக்காய் அளவாயின. நாற்றப் பூக்காரரின் பூவில் நாற்றம்கூட இல்லை. மனிதர் அழுதேவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்து அண்ணிக்குப் பல்வலி. டாக்டர் பஞ்சை எடுத்ததும் அண்ணியின் வாய் சும்மா இருக்குமா? "சங்கம் எப்படி டாக்டர் போகுது? எங்க நாத்தனார் வந்த எடமாச்சே... ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? அவ பொறந்தப்பவே ஆலை மூடிட்டான். கட்டிக்கப் போறவன் காலை ஒடச்சுக்கிட்டான். நல்லவதான், ராசிதான் ஆகாது." கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

அவசரக் கூட்டம் கூடியது. தீக்கீற்றோடு வந்த வெளிநாட்டு மண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, தலைவரே வேளாண் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இலைகளை அனுப்பியிருந்தார். ஆய்வுக்கூடக்காரர் நேரில் வந்தார். ஒல்லியான, சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"இது வைரஸ். தலைவரோட வரிப் பூ இருக்கே, அது அழகு இல்ல, நோய். மத்ததெல்லாம் அதுலேருந்து வந்ததுதான். வெட்டும்போது கத்தியில ஒட்டற சாறு வழியாப் பரவும். நடுவுல கத்தியத் துடைச்சு, ஸ்பிரிட் போட்டு, நெருப்புல காட்டினீங்களா?"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"துடைக்கக் கூடாதுன்னு விதி" என்றார் செயலாளர், அறிவிப்புக் குரல் இல்லாமல்.

"எந்த மடையன் போட்ட விதி?"

தலைவர் கனைத்தார். "அது இருக்கட்டும் சார். தொட்டுப் பரவுதுன்னு நீங்களே சொல்றீங்க. கத்தியப் பிடிச்சது யாரு?"

கூடம் முழுக்கக் கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பியது. அண்ணி சொன்ன கதைகள் அதற்குள் எல்லார் காதுக்கும் போயிருந்தன. ஆலையாம், காலாம், இப்போது கிழங்காம். மூன்றும் சேர்ந்தால் சாட்சி பலமாகிவிடுகிறதல்லவா?

ஆய்வுக்கூடக்காரருக்குக் கோபம் வந்தது. "இந்தம்மா கைக்கு என்ன சார் சம்பந்தம்? யார் வெட்டியிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்." கட்டிங் அக்கா பக்கம் திரும்பி, ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க கவலைப்படாதீங்கம்மா. உங்க கையில ஒண்ணுமே கிடையாது."

விடுதலை செய்யத்தான் சொன்னார். ஆனால் கட்டிங் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். "அப்போ பொழச்சதெல்லாம்? அழுகினதப் பூக்க வச்சது?"

ஆய்வுக்கூடக்காரர் இலைகளைப் பையில் போட்டு மூடினார். மற்றவர்கள் தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். கிழங்குகளை எல்லோரும் எரித்துவிடுவது, புதிதாக வாங்குவது, இனி ஸ்பிரிட் தொட்ட துணியால் கத்தியைத் துடைப்பது, கட்டிங் அக்கா இனி வர வேண்டாம் என்று தீர்மானமானது. நான்கையும் ஒரே மூச்சில் செயலாளர் படித்தார், ஒரே வண்டியின் நான்கு பெட்டிகள் மாதிரி.

கட்டிங் அக்காவுக்குக் கம்பெனியில் வேலை ஓடவில்லை என்றுதான் சொல்ல ஆசை. ஓடியது. சட்டைகள் வெட்டுப்பட்டன. மேல் துணியும் அடித்துணியும் ஒரே அளவில் விழுந்தன. ஒருநாள் சிவப்பு அடுக்கை முடித்துக் கத்தியைத் துடைத்துவிட்டு வெள்ளை அடுக்குக்குப் போனவர், துடைத்த துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மேற்பார்வையாளர், "என்னக்கா, மயக்கமா?" என்றார். "இல்ல, இப்பத்தான் தெளியுது" என்றார்.

ஆய்வுக்கூடக்காரரைத் தேடிப் போய் நோயில்லாத முற்றிய கிழங்கு ஒன்று கேட்டு வாங்கினார். எரிக்காமல் வைத்திருந்த தன் வரிக் கிழங்கை எடுத்தார். துடைத்துச் சுட்ட கத்தியால் நல்ல கிழங்கை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நட்டார். பிறகு கத்தியை வரிக் கிழங்கில் செருகி எடுத்து, துடைக்காமல் மற்ற பாதியில் ஒரு கீறல் போட்டுத் தனியாகத் தள்ளி நட்டார். ஒரே கிழங்கு, ஒரே மண், ஒரே கை. மாறியது துடைத்த துணி மட்டும்.

பூக்க இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் சங்கம் தேறிவிட்டது. புதுக் கிழங்கு, துடைத்த கத்தி, நோய் எப்படி வரும்? ஆனால் தெருவெல்லாம் பேச்சு வேறு: "அந்தம்மா போச்சு, சனியன் விட்டுது." அண்ணியே வந்து சொன்னார், வானிலை சொல்லும் குரலில்.

ஒரு டப்பாவில் சுத்தச் சிவப்பு. இன்னொன்றில் வெள்ளை வரி. கண்காட்சி நாளன்று இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு படிப்பக மாடி ஏறினார். அவருக்குக் கோப்பை வேண்டாம், சால்வை வேண்டாம். பத்துப் பேர் முன்னால் ஒருவர், "உன் கை இல்லம்மா, நாங்க போட்ட விதிதான்" என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினார்.

கண்காட்சி மேஜை ஓரத்தில் இரண்டு டப்பாக்களையும் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கிழங்கோட பாதி. ரெண்டும் நான்தான் வெட்டினேன். இது துடைச்ச கத்தி. இது துடைக்காத..."

அவ்வளவுதான் பேச முடிந்தது.

"ஐயோ, வரி!" என்று யாரோ அலறினார்கள். நாற்றப் பூக்காரர் தன் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் ஓடினார். "மறுபடியும் கொண்டாந்துட்டா பாருங்க!" "மனுஷியா இவ? பழி தீர்க்க வந்திருக்கா!"

"கொஞ்சம் கேளுங்க டாக்டர். அந்தச் சிவப்பையும் பாருங்க. நீங்க படிச்சவர், உங்களுக்குப் புரியும்."

டாக்டர் சிவப்பைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் விதியைப் பார்க்க வேண்டும், தன் கோப்பையைப் பார்க்க வேண்டும். "அந்த ஆய்வுக்கூட சார் உனக்காகப் பேசினார்னு பாவம் பாத்தோம். உன் கை பட்டா வரி வருதுன்னு நீயே இன்னிக்கு நிரூபிச்சுட்ட" என்றார். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு டப்பாக்களையும் எடுத்தார். பல் பிடுங்கும்போது மாட்டுகிற அதே கையுறை. ஜன்னல் வழியே பின்கட்டுக் குப்பைமேட்டில் எறிந்தார். கையுறையையும் கழற்றி எறிந்தார்.

"உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு" என்றார் செயலாளர், "கண்காட்சி தொடர்ந்து நடைபெறும்."

கட்டிங் அக்கா படியிறங்கிப் பின்கட்டுக்குப் போனார். வரிக் கிழங்கைக் காகிதத்தில் பொதிந்து அங்கேயே கொளுத்தினார். சிவப்பின் தண்டு முறிந்திருந்தது. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணைத் தட்டி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.

அண்ணி கதவைத் திறந்தார். "போன காரியம்?"

"முடிஞ்சுது."

"நான் அப்பவே சொன்னேன். உன் ராசிக்கு இதெல்லாம் எதுக்கு?"

கட்டிங் அக்கா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். அடுப்பில் கத்தியைக் காட்டி, ஆறவிட்டு, கிழங்கைத் துணியால் அழுத்தித் துடைத்தார். மறுபடி துடைத்தார். மேல் தோலை உரித்துப் போட்டுவிட்டு இன்னொரு முறை துடைத்தார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குத்தான் நோய் இல்லங்கறியே, இன்னும் எத்தனை தடவை துடைப்ப?"

"துடைக்கணும் அண்ணி" என்றார் கட்டிங் அக்கா. "பெரிய மனுஷங்க கை பட்டிருக்கு."